தாடிக்கு முப்பத்திரண்டு கோடு

அந்த யன்னலை முழுக்கத் திறந்து விடுறியளோ தம்பி? குறை நினைக்காதேங்கோ. எனக்கு இண்டைக்கு வேர்க்கக் கூடாது. மற்ற நாளெண்டால் எவ்வளவு வெக்கையெண்டாலும் வாய் திறக்க மாட்டன். சும்மா இருக்கிறதில என்னை வெல்ல இந்தப் பருத்தித்துறையில ஆளில்லை. மூண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்தவன் நான், கரண்டும் இல்லாமல். அந்தக் கதையாலதான் இப்ப யாழ்ப்பாணம் போறன்.

இவன் இந்த நெல்லியடியில ஆள் நிரம்பும் வரைக்கும் பஸ்ஸை எடுக்க மாட்டான். பத்து மணிக்கு எனக்கு விசாரணை. சீச்சீ, பொலிஸ் இல்லை, தள்ளி இருக்காதேங்கோ. இது பரீட்சைத் திணைக்களத்தின்ர சோதினை விசாரணை. நான் சோதினை எடுத்தவன் இல்லை. என்னைப் பார்த்துத்தான் பதினேழு பிள்ளையள் சோதினை எடுத்தவை.

பல்கலைக்கழகம் போக எடுக்கிற ஏ.எல்.லில சித்திரம் எண்டு ஒரு பாடம் இருக்கெல்லோ. அதில ஒரு பகுதிக்கு உயிருள்ள ஆளை முன்னுக்கு இருத்தி வைச்சுக் கீறோணும். அப்பிடி இருக்கிற ஆளை மாதிரி எண்டு சொல்லுறது. எங்கட மகளிர் பள்ளிக்கூடத்துக்கு மாதிரி நான்தான். பேர் பரஞ்சோதி. சங்கக்கடையில மனேச்சராய் இருந்து ஓய்வு பெற்றவன். கடையில இருந்த காலத்திலயும் நான் கனக்க அசையேல்லை எண்டு மனிசி சொல்லுவா. அதை விடுங்கோ.

என்னைக் கண்டுபிடிச்சது சிவதர்சினி ரீச்சர். சித்திரம் படிப்பிக்கிறவ. தபால் கந்தோர் வரிசையில எனக்குப் பின்னால நிண்டவ, திடீரெண்டு முன்னுக்கு வந்து, "ஐயா, உங்கட முகத்தில கனக்கக் கோடு இருக்கு. தாடியும் நல்லா இருக்கு. பிள்ளையளுக்குக் கீறிப் பழக ஒருக்கா வந்து இருப்பியளோ?" எண்டு கேட்டா. என்ர அறுபத்திமூண்டு வயசில ஒருத்தி வந்து முகத்தைப் பற்றிக் கதைக்கிறாள் எண்டால் மனிசனுக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்கோ. வீட்டை போய் மனிசிக்குச் சொன்னன். அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தவ, நிமிரவே இல்லை. "சுருக்கத்தைச் சொல்லியிருக்கிறா" எண்டா. அவவுக்குக் கலை விளங்காது.

தாடி அப்ப நெஞ்சு வரைக்கும் இருந்தது. வெள்ளைத் தாடி. நேர்த்திக்கடன் ஒண்டும் இல்லை, ஓய்வு பெற்ற பிறகு விட்டது விட்டபடி. ஓய்வு பெற்றதும், மகள் கலியாணம் முடிச்சுக் கனடா போனதும் ஒரே மாசம். அதால தாடிக்கும் அதுக்கும் முடிச்சுப் போடுறது மனிசியின்ர வேலை. நான் ஓய்வு பெற்றதாலதான் விட்டனான்.

ரெண்டு தவணை போய் இருந்தன் தம்பி. புதனும் வெள்ளியும். சித்திர அறையில மேசைக்கு மேல ஒரு கதிரை, கதிரையில நான், கீழ பதினேழு பிள்ளையள். ரீச்சர் படிப்பிச்ச மாதிரி நான் ஒரு இடத்திலயும் காணேல்லை. கரும்பலகையில எல்லாத்துக்கும் கணக்கு எழுதிப் போட்டிருவா. நெத்திக்கு அஞ்சு கோடு. மூக்குக்கு மூண்டு. கண்ணுக்குக் கீழ ரெண்டு ரெண்டு. தாடிக்கு முப்பத்திரண்டு. இடப்பக்கம் பதினைஞ்சு, வலப்பக்கம் பதினேழு, ஏனெண்டால் வெளிச்சம் இடப்பக்கத்தால வருது. பிள்ளையள் வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டு கீறுவினம். "பன்ரண்டு, பதின்மூண்டு" எண்டு என்ர தாடி கீழ வளர்ந்துகொண்டு போகும்.

ரெண்டாம் தவணை தொடங்க அவை நிமிர்ந்து என்னைப் பார்க்கிறதையே விட்டிட்டினம். குனிஞ்ச தலை குனிஞ்சபடி, அரை மணித்தியாலத்தில நான் கடதாசியில வந்து நிப்பன். அவ்வளவு திறமை. ஒருக்கா காய்ச்சலெண்டு ஒரு கிழமை நான் போகேல்லை. பிறகு போன இடத்தில, அந்தக் கிழமை கீறின படங்களை ரீச்சர் எடுத்துக் காட்டினா. அச்சொட்டாய் நான். "ஐயா, நீங்கள் வந்தாலும் ஒண்டுதான் வராட்டிலும் ஒண்டுதான்" எண்டா. என்ர சீவியத்தில என்னை அப்பிடி ஒருதரும் மெச்சினதில்லை.

எல்லாரும் இப்பிடித்தான் பார்க்காமல் கீறினவை, ஒருத்தியைத் தவிர.

மதுவந்தி எண்டு ஒருத்தி. தாய் புலோலியில சட்டை தைக்கிறவ, தகப்பன் இல்லை. கதவடியில கடைசியாய் இருப்பாள். இவள் கீற மாட்டாள் தம்பி, பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். மற்றப் பிள்ளையள் தாடி முடிச்சு நிழல் போடேக்க இவளின்ர கடதாசி வெறுமையாய்க் கிடக்கும். ஒரு நாள் ஒரு பாடவேளை முழுக்க இருந்து என்ர காதை மட்டும் கீறி வைச்சிருந்தாள். ஒரே ஒரு காது. ரீச்சர் நல்ல பேச்சுப் பேசினா. "பார்த்தது காணும், நேரம் போகுது, கீறு" எண்டா. தவணைச் சோதினையில அவளுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி. என்னைக் கேட்டால் அதுவே கூடிப்போச்சு.

எனக்கும் அவளோட சரிவரேல்லை. ஒரு பிள்ளை அப்பிடி உத்துப் பார்த்தால் மனிசனுக்கு உள்ளுக்க என்னவோ செய்யும். ஒரு நாள் மணி அடிச்ச பிறகு கிட்ட வந்து, "ஐயா, தாடிக்குள்ள உங்கட நாடி எப்பிடி இருக்கும்?" எண்டு கேட்டாள். கேக்கிற கேள்வியே? ரீச்சரிட்டைத்தான் சொன்னன், அந்தப் பிள்ளைக்கு மரியாதை தெரியாதெண்டு.

சரி, சோதினை வந்தது. முதல் நாள் பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு வெளிப் பள்ளிக்கூட மாஸ்ரர்தான் மேற்பார்வை, துப்புரவாய் வாங்கோ" எண்டா. துப்புரவாய் எண்டால் என்ன தம்பி? நான் வீட்டை போய் யோசிச்சன். பதினேழு படமும் கொழும்புக்குப் போகப் போகுது. அங்க பெரிய பெரிய ஆட்கள் என்ர முகத்தைப் பார்க்கப் போகினம். ஒருதன் ஸ்ரூடியோவுக்குப் படமெடுக்கப் போறதெண்டாலே சவரம் செய்துபோட்டுத்தானே போறவன்?

சலூனுக்குப் போனன். தாடியை முழுக்க எடுத்தாச்சு. தலைக்கும் மீசைக்கும் டை அடிச்சாச்சு. அரை மணித்தியாலத்தால நல்லாய்க் கழுவச் சொல்லி அவன் சொல்லிவிட்டவன். கழுவினால் கறுப்புப் போயிடும் எண்டு நான் கழுவேல்லை. மகளின்ர கலியாணத்துக்குத் தைச்ச வெள்ளைச் சேட்டை விடியப் போட்டன். கழுத்துக் கொஞ்சம் பெரிசாய் நிண்டது, இடையில மெலிஞ்சு போனன் போல. மனிசி வாசல்ல நிண்டு ஒரு மாதிரிப் பார்த்தா.

மண்டபத்துக்குள்ள போய்க் கதிரையில ஏறி இருக்க ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "ஐயா வரேல்லையோ?" எண்டு கேட்டாள். மேற்பார்வைக்கு வந்த மாஸ்ரர் என்னைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், பேர் சரியோ எண்டு கேட்டார். சரியெண்டன். தொடங்குங்கோ எண்டார். ஒருத்தி அழுதாள். பிறகு எல்லாரும் தலையைக் குனிஞ்சிச்சினம். கொஞ்ச நேரத்தால முணுமுணுப்புக் கேட்டுது. "பன்ரண்டு, பதின்மூண்டு." நான் நினைச்சன், நெத்தியைக் கனக்கக் கீறுதுகள் போல எண்டு.

ரீச்சர் இருந்திருந்தால் வேற கதை. சொந்தப் பள்ளிக்கூட ரீச்சர் அண்டைக்கு உள்ள வரக் கூடாதாம்.

பத்தரைக்குக் கரண்ட் போயிட்டுது. காத்தாடி நிண்டு போச்சு. சித்திரை வெய்யில், தகரக் கூரை. கன்னத்தால என்னவோ வழியுது, நான் வேர்வையெண்டு இருந்தன். கடிக்குது, கூசுது. கையைத் தூக்கேல்லை தம்பி. ஒரு விரல் அசைச்சிருந்தால் பதினேழு பிள்ளையளின்ர எதிர்காலம் போயிருக்கும். அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லுறது, அந்தப் பிள்ளையள் பாசானது என்ர பொறுமையால எண்டு.

அண்டைக்கு முழுக்க நிமிர்ந்து பார்த்தவள் மதுவந்தி ஒருத்திதான்.

எட்டு மாசத்தால சோதினை மறுமொழி, அதுதான் றிசல்ட், வந்தது. பதினாறு பிள்ளையளுக்கு நல்ல மறுமொழி. ரீச்சருக்கு மாலை போட்டினம். எனக்கும் ஒரு சோடாவும் கேக்கும் தந்தவை. மதுவந்தியின்ர மறுமொழியை மட்டும் நிப்பாட்டி வைச்சிருக்கு. ஏனெண்டு கேக்கிறியளோ? திருத்தினவை பார்த்திருக்கினம், பதினாறு படத்தில தாடிக்காரன், ஒரு படத்தில சவரம் செய்தவன். அப்ப என்ன அர்த்தம்? அவள் வீட்டில இருந்து வேற ஆரையோ கீறிக் கொண்டுவந்து மாத்திப் போட்டாள் எண்டு. களவு. மூண்டு பேர் வந்து விசாரணை வைச்சினம், போன மாசம், எங்கட பள்ளிக்கூடத்திலயே.

பதினாறு பிள்ளையளையும் கூப்பிட்டுக் கேட்டினம். தாடி இருந்ததெண்டு பதினாறும் ஒரே குரல்ல சொல்லிச்சினம். வேற என்ன சொல்லுறது? இல்லையெண்டால் அவையின்ர மறுமொழி போயிடுமெல்லோ. ரீச்சர், தான் உள்ள நிக்கேல்லை எண்டிட்டா. அதிபர், தனக்குத் துப்புரவைப் பற்றித்தான் தெரியும் எண்டா. மேற்பார்வைக்கு வந்த மாஸ்ரர், தன்ர வேலை நேரத்தையும் பிள்ளையளையும் பார்க்கிறதுதான், மாதிரியைப் பார்க்கத் தனக்கு உத்தரவில்லை எண்டு எழுத்தில குடுத்திட்டார்.

கடைசியாய் என்னைக் கூப்பிட்டினம். எட்டு மாசத்தில தாடி திருப்பி வந்திட்டுதுதானே. நெஞ்சு வரைக்கும் இல்லை, ஆனாலும் தாடிதான். மேசையில பதினேழு படத்தின்ர போட்டோக் கொப்பியையும் பரப்பி வைச்சு, "இதில உங்களைக் காட்டுங்கோ" எண்டார் தலைவர். கண்ணாடி போட்ட மனிசன், நல்ல மரியாதை. நான் ஒண்டொண்டாய்த் தொட்டுக் காட்டினன். பதினாறும் நான். பாருங்கோ தம்பி, என்ன மாதிரி ஒரு முகம் எண்டு எனக்கே பெருமையாய் இருந்தது. முனிவர் மாதிரி.

பதினேழாவதைத் தள்ளி வைச்சு, இது ஆர் எண்டு கேட்டார்.

அதில இருந்தது ஆரோ ஒரு கிழவன். நாடி உள்ளுக்க போய்க் கிடக்கு. சேட்டுக் கழுத்து ஒரு பக்கம், அவன்ர கழுத்து ஒரு பக்கம். காதடியால கறுப்பாய் ரெண்டு கோடு வழியுது, அழுக்கு மாதிரி. வாயைப் பார்த்தால் செத்தவீட்டில நிண்டு அழாமல் அடக்கிக்கொண்டிருக்கிற மாதிரி. கண்ணைப் பார்த்தால், என்னை வடிவாய்க் கீறுங்கோ எண்டு கெஞ்சுற மாதிரி. எனக்குக் கோவம்தான் வந்தது. "தெரியாது" எண்டன். நான் பொய் சொல்லேல்லை தம்பி. உண்மையாய் எனக்கு அவனை ஆரெண்டு தெரியேல்லை.

தாடி எடுத்ததைச் சொன்னனோ எண்டோ? அதை ஒருதரும் கேக்கேல்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நான் ஒண்டையும் ஒளிக்கிற ஆளில்லை.

அடுத்த கிழமை தாயும் மகளும் வீட்டை வந்தவை. தாய்தான் கதைச்சா. சித்திரத்துக்கெண்டு இருக்கிற பல்கலைக்கழகத்துக்குத்தான் போகோணும் எண்டு பிள்ளை நிக்குதாம். விண்ணப்பம் இந்த மாசக் கடைசியோட முடியுதாம். மறுமொழி இல்லாமல் போட ஏலாதாம். களவெண்டு தீர்ப்பு வந்தால் இனிச் சோதினையே எழுத விடாயினமாம். திருப்பி ஒரு விசாரணை கேட்டு எழுதி, யாழ்ப்பாணத்தில திகதி தந்திருக்கினம், நீங்கள் ஒரு சொல் சொன்னால் காணும் எண்டா. மகள் விறாந்தை வாங்கில குந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் அதே பார்வை. நான் எழும்பிக் கிணத்தடிக்குப் போயிட்டன்.

அவை போன பிறகு மனிசி வந்தா, கையில அந்தப் படத்தின்ர கொப்பி. தாய் குடுத்திட்டுப் போயிருக்கிறா. மனிசி கத்தினால் எனக்குப் பழக்கம், மறுமொழி சொல்லுவன். அவ கத்தேல்லை.

"மகளைப் பிளேனுக்கு ஏத்திப்போட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இந்தச் சேட்டோட நிண்டியள். அண்டைக்கு நான் பார்த்த முகம் இது. அதுக்குப் பிறகு நீங்கள் இதை எனக்குக் காட்டேல்லை. அந்தத் தாடிக்காரனை எனக்குத் தெரியாது."

அப்பிடிச் சொல்லிப்போட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அண்டையில இருந்து கதைக்கிறது குறைவு. சாப்பாடு வரும், தேத்தண்ணி வரும், கதை வராது.

அதுதான் தம்பி, இண்டைக்கு ஒரு முடிவோட வெளிக்கிட்டனான். தாடி எடுத்ததை நானாய்ச் சொல்லப் போறன். சொல்லுறதென்ன, காட்டவே போறன். பாருங்கோ, விடியச் சலூன் திறக்கேல்லை, நானே சவரம் செய்து, நானே டை அடிச்சு, அதே சேட்டைப் போட்டுக்கொண்டு வாறன். அண்டைக்கு எப்பிடி இருந்தனோ அப்பிடியே. கழுவ நேரமும் கிடைக்கேல்லை. பார்க்கட்டும். இந்த முகத்துக்கும் அந்தக் கிழவனுக்கும் ஏதும் சம்பந்தம் இருக்கோ எண்டு அந்தக் கண்ணாடிக்காரர் வடிவாய்ப் பார்க்கட்டும். தாடி எடுத்தது உண்மை, ஆனால் அவள் கீறினது நானில்லை. பிள்ளைக்குக் கீறத் தெரியாது. களவில்லை, கீறத் தெரியாது. முப்பத்தெட்டுப் புள்ளிக்காரி. அந்த மறுமொழியைக் குடுத்துவிடுங்கோ, ஃபெயில் எண்டால் ஃபெயில். இதைத்தான் சொல்லப் போறன். இது நீதியான கதைதானே?

நீங்கள் பொதுவான ஆள், நீங்களே சொல்லுங்கோ. கொப்பி பையுக்குள்ள கிடக்கு. மனிசி வைச்சு விட்டிருக்கிறா. இந்தாங்கோ, பிடியுங்கோ. இது நானோ?

என்ன தம்பி, படத்தையும் பார்க்கிறியள், என்னையும் பார்க்கிறியள்?

ஏன் லேஞ்சித் துண்டை நீட்டுறியள், துடைக்கவோ? கன்னத்திலயோ? எந்தக் கன்னத்தில?

அந்த ஃபோனைத் தாங்கோ. முகம் தெரியிற மாதிரி அமத்தித் தாங்கோ.

பொறுங்கோ. படத்தை இப்பிடிப் பக்கத்தில பிடியுங்கோ.

டை வழிஞ்சு, இந்தப் பக்கம் காதடியில நிண்டிட்டுது. அந்தப் பக்கம் நாடி வரைக்கும் இறங்கியிருக்கு. படத்திலயும் அப்பிடித்தான். இந்தப் பக்கம் காதடியோட, அந்தப் பக்கம் நாடி வரைக்கும். இவள் எண்ணிக் கீறேல்லை தம்பி. ஒரு கணக்கும் போடேல்லை. இருந்து பார்த்திருக்கிறாள். மூண்டு மணித்தியாலம் அந்த வெக்கைக்குள்ள என்னை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மற்றவையின்ர மறுமொழிக்குச் சோடாவும் குடிச்சுப்போட்டு, அவள் கீறின முகத்தைத்தான் ஆரெண்டு தெரியாதெண்டு சொன்னனான்.

எனக்கு வெக்கமாய்க் கிடக்கு.

இந்த வாயைப் பாருங்கோ. எயார்ப்போட்டில அழுதால் பிள்ளை போக மாட்டாள் எண்டு நிண்டனான். மனிசிக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை. இவளுக்கு ஆர் சொன்னது?

எடுத்திட்டான் பஸ்ஸை. ஒம்பதரைக்கெல்லாம் போயிடுவன்.

இல்லை தம்பி, லேஞ்சி வேண்டாம், நீங்கள் வைச்சிருங்கோ. துடைக்கப் போறதில்லை. இப்பிடியே போய் அந்தப் படத்துக்குப் பக்கத்தில நிண்டால் நான் ஒண்டும் கதைக்கவும் தேவையில்லை. பத்து மணி வரைக்கும் இது நிண்டால் காணும். ஒரேயொரு உதவி செய்யுங்கோ. கொஞ்சத்தால வல்லை வெளி வந்திடும், காத்துச் சும்மா அள்ளிக்கொண்டு அடிக்கும். எல்லாம் காய்ஞ்சு போகும்.

அந்த யன்னலை ஒருக்காச் சாத்தி விடுங்கோ.